கோல்டு ஃபிஷ் தொட்டியை டிராபிகல் தொட்டியாக மாற்ற: ஹீட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மகன் வைத்திருந்தது, அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து இவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான்கு ஒராண்டா கோல்டு ஃபிஷ் இருந்ததில் ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு செத்துப்போயின, உடம்பில் புள்ளியோ புண்ணோ எதுவும் இல்லை. இனி கோல்டு ஃபிஷ் வேண்டாம், டிராபிகல் மீன், அதாவது வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற வெப்பநாட்டு மீன் வைக்கலாம், ஏஞ்சலும் நியான் டெட்ராவும் வாங்கலாம் என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். கடையில் விசாரித்ததற்கு 200 வாட் ஹீட்டர் வாங்குங்கள், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைக் கழுவுங்கள், புதுத் தண்ணீர் நிரப்பி மறுநாள் மீனை விடுங்கள், கண்ணாடி சுத்தமாக இருக்க ஒரு சக்கர் ஃபிஷ் போடுங்கள் என்று சொன்னார்களாம். மிச்சமிருக்கிற இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் கோயில் குளத்தில் விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார். தண்ணீர் சொந்தக் கிணறு, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். டாப் ஃபில்டர் ஒன்று, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, அடியில் வெள்ளைக் கல். கிறிஸ்துமஸுக்கு மகன் வருவதற்குள் எல்லாம் தயாராகுமா என்பது கடைசிக் கேள்வி.

அக்கா, ஹீட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வேண்டாம், தண்ணீருக்குள் நிற்கிற சாதாரணக் கண்ணாடி தெர்மாமீட்டர் போதும், விலையும் அதிகமில்லை. ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்து எழுதி வையுங்கள். நம் மாவட்டத்தில் வீட்டுக்குள் இருக்கிற தொட்டி பெரும்பாலும் 26-லிருந்து 29 டிகிரிக்குள்தான் நிற்கும், ஏப்ரல் மே மாதங்களில் 30-ஐயும் தாண்டும். ஏஞ்சலுக்கு வேண்டியது 24-லிருந்து 30. அதாவது உங்கள் தொட்டி இத்தனை நாளும் டிராபிகல் தொட்டியின் சூட்டில்தான் இருந்திருக்கிறது, அதற்குள் 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் சுகமாக வாழ்கிற மீனை வைத்திருந்தீர்கள். குளிர்நாட்டில் எழுதப்பட்ட ஆலோசனைகளில் கோல்டு ஃபிஷ் தொட்டியை மாற்றுவதென்றால் ஹீட்டர் போடுவதுதான் முதல் வரி. அது அந்த ஊருக்குச் சரி. தக்கலையில் அந்த வரியை அப்படியே தாண்டிப் போய்விடலாம்.

ஏப்ரலில் இரண்டு மீன் போனதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரித் தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். சூடு ஏறும்போது மீனுக்கு மூச்சு அதிகமாக வேண்டியிருக்கிறது, தண்ணீரில் இருப்பதோ குறைகிறது. ஒராண்டா உருண்டை உடம்புக்காரன், நிறையத் தின்று நிறையக் கழிவு போடுகிறவன், அந்தக் கழிவை உடைக்கிற பாக்டீரியாவுக்கும் அதே ஆக்ஸிஜன்தான் வேண்டும். இதில் ராத்திரி ஒரு மணிநேரம் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் போதும். உடம்பில் ஒரு குறியும் இல்லாமல் அடுத்தடுத்துச் சாவது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மூச்சையும் அம்மோனியாவையும்தான், நோயை அப்புறம்.

அம்மோனியா என்று சொன்னதும் கடைக்காரர் சொன்ன பிளீச்சிங் பவுடருக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் மிகவும் ஆபத்தானது அதுதான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருவது அம்மோனியா. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கும். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லின் மேலும் வழவழவென்று ஒட்டியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது போதுமான அளவு வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டியில் அது பல காலமாக வளர்ந்து நிற்கிறது, பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரே பொருள் அதுதான், அதையே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொல்லச் சொல்கிறார்கள். கழுவி நிரப்பி மறுநாள் மீனை விட்டால் முதல் இரண்டு நாள் எல்லாம் அழகாக இருக்கும், நான்காம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பத்து நாளில் பாதி இருக்காது. மறுபடி கடைக்குப் போவீர்கள்.

கோல்டு ஃபிஷ் தொட்டியில் வளர்ந்த பாக்டீரியா டிராபிகல் மீனுக்கு உதவுமா என்று சிலர் கேட்பார்கள். அதே வேலையைச் செய்கிற அதே உயிர்தான், இந்தச் சூடும் அதற்குப் பிடித்த சூடு. தாராளமாக உதவும்.

ஆகவே கழுவல் வேண்டாம், சுத்தம் மட்டும் வேண்டும். ஒரு வாளியை வைத்து சைஃபன் குழாயைக் கல்லுக்குள் அழுத்தி உறிஞ்சுங்கள், கோல்டு ஃபிஷ் இருந்த தொட்டியில் கல்லுக்கு அடியிலிருந்து பழுப்பாக, கட்டன் சாயா மாதிரி வரும், பயப்பட வேண்டாம். ஒரே நாளில் முழுவதையும் கிளறாதீர்கள், இந்த வாரம் ஒரு பாதி, அடுத்த வாரம் மறு பாதி. ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கசக்கக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து அதற்குள் இரண்டு மூன்று தடவை அமுக்கி எடுத்தால் போதும், ஸ்பாஞ்ச் அழுக்கு நிறத்தில்தான் இருக்கும், இருக்கட்டும். டாப் ஃபில்டரில் வெள்ளைப் பஞ்சு போட்டிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், அதற்குக் கீழே இருக்கிற ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட வேண்டாம்.

இதோடு இன்னொரு விஷயம், பலருக்கும் புரியாமல் போவது. பழைய தொட்டியில் பழைய மீன் நன்றாக இருக்கும், புது மீன் விட்டால் இரண்டே நாளில் செத்துவிடும். மீன் மோசம் என்று கடையில் சண்டை போடுவார்கள். மேலே மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்த தொட்டியில் நைட்ரேட் மாதக்கணக்கில் ஏறியிருக்கும், தண்ணீரின் அமிலத்தைக் காட்டுகிற பி.எச். எண் மெல்ல மெல்ல இறங்கியிருக்கும், அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள். உள்ளேயே கிடந்த மீன் அதற்குப் பழகிவிட்டது, வெளியிலிருந்து வருகிற மீன் ஒரு அரைமணி நேரத்தில் அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டும் என்றால் முடியாது. அதனால் புது மீன் வருவதற்கு முன் இரண்டு வாரத்தில் நான்கைந்து தடவையாக, ஒவ்வொரு தடவையும் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஒரேயடியாக முக்கால் பங்கை மாற்றாதீர்கள், இன்னும் கோல்டு ஃபிஷ் உள்ளே இருக்கும்போது அப்படிச் செய்வது மிகவும் தவறு. அமிலமான தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி விஷமில்லாத உருவத்தில் இருக்கும், பி.எச். 7-ல் விஷ உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது, 8-க்குப் போனால் நூற்றில் ஐந்துக்கு மேல். ஒரே மூச்சில் தண்ணீரை மாற்றிப் பி.எச்-ஐத் தூக்கிவிட்டால் அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா விஷமாகிவிடும்.

இப்போது உங்கள் கிணறு. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் செம்பாறை மண், அங்கே கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அதாவது சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் குறைந்தது, கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தது. குளச்சல், முட்டம் என்று கடலோரம் போனால் கடினமான தண்ணீர், சில இடத்தில் உப்பும் கலந்திருக்கும். ஆக, நாகர்கோவிலில் இருக்கிற சொந்தக்காரர் எந்த மீனை வைத்து வெற்றி பெற்றார் என்பது உங்களுக்கு உதவாது, உங்கள் கிணற்றுத் தண்ணீரை நீங்களே சோதிக்க வேண்டும். அதிலும் கிணற்றிலிருந்து எடுத்த உடனே சோதித்தால் தவறான எண் வரும், ஏனென்றால் மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். ஒரு வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு அப்புறம் பி.எச். பாருங்கள், அந்த எண்தான் உண்மை. தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரையும் இப்படி ஒரு நாள் வைத்து ஊற்றுவதே நல்லது.

மாடித் தொட்டித் தண்ணீர் என்பதால் ஒரு எச்சரிக்கை. வெயில் நாளில் மத்தியானம் கறுப்பு பிளாஸ்டிக் டாங்கிலிருந்து வருகிற தண்ணீர் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதை நேராக மீன் தொட்டிக்கு விட்டுவிட்டு மீன் செத்ததற்குக் காரணம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மாற்றுவதைக் காலையில் வையுங்கள், இல்லையென்றால் கிணற்றிலிருந்து நேராக இறைத்து வாளியில் வையுங்கள். மழைக்காலத்தில் கிணற்றுக்குள் பிளீச்சிங் பவுடர் போடுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், அவசரம் என்றால் கடையில் கிடைக்கிற குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தை ஊற்றி, ஒரு நாள் காற்று ஓடவிட்டு, அப்புறம் பயன்படுத்துங்கள். வீட்டில் யார் எப்போது போட்டார்கள் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான்கைந்தை எடுத்துத் துடைத்து, மேலே வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அது பளிங்குக் கல், சுண்ணாம்பு கொண்டது, தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தையும் பி.எச்-ஐயும் தூக்கிக்கொண்டே இருக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது நல்லதாகவே இருந்திருக்கும். டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள், இரண்டு காரணம். ஒன்று, அந்தக் கல்லிலும் பாக்டீரியா இருக்கிறது. இரண்டு, உங்கள் பக்கத்து மென்மையான தண்ணீரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதே அந்தக் கல்லாக இருக்கலாம், அது போனால் பி.எச். 6-க்கும் கீழே சரிந்து பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும். வாரத்துக்குக் கால் பங்காக எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலோ கறுப்புக் கல்லோ போட்டுக்கொண்டு வாருங்கள், கடைசியில் ஒரு கைப்பிடி வெள்ளைக் கல்லை வலைப் பையில் கட்டி டாப் ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள். கடலோரத்தில் பொறுக்கிய கிளிஞ்சலைக் கொதிக்க வைத்துக் கழுவிப் போட்டாலும் அதே வேலைதான் நடக்கும். குமிழி வரவில்லை என்றால் கல் அப்படியே இருக்கட்டும், இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கோல்டு ஃபிஷ் இரண்டையும் பற்றி. கோயில் குளத்தில் விட வேண்டாம் அக்கா. பாவம் போகட்டும், தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும் என்று நல்ல மனதோடுதான் எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் நம் மாவட்டத்துக் குளங்கள் பலவும் கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களால் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை, ஒரு மழையில் எங்கிருந்து எங்கு போகும் என்று சொல்ல முடியாது. கோல்டு ஃபிஷ் கெண்டைச் சாதி, சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், மற்ற மீனின் முட்டையைத் தின்னும், நங்கூரப் புழு போன்ற ஒட்டுண்ணிகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை, அவற்றைச் சுற்றி இருக்கிற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஒராண்டாவின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது குளத்தில் பிழைக்காது, நீந்தவே சிரமப்படுகிற மீனை நீர்க்காகமும் கொக்கும் விட்டு வைக்காது. நிழலில் சிமெண்ட் தொட்டி வைத்திருக்கிறவர்கள் உங்கள் பக்கத்தில் நிறைய இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்கு மீனைக் கொடுங்கள், ஆழமும் நிழலும் இருந்தால் வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், கொசுப் புழுவையும் தின்னும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். இடம் கிடைக்கிற வரை தொட்டி மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

கோல்டு ஃபிஷ்ஷோடு புது மீனையும் சேர்த்து வைத்தால் என்ன என்று மகன் கேட்கக்கூடும். வேண்டாம். வாய்க்குள் போகிற எதையும் கோல்டு ஃபிஷ் விழுங்கும், சின்ன டெட்ரா அதற்குத் தீனி. அது போடுகிற கழிவு டெட்ராவுக்கு ஆகாது, டைகர் பார்ப் மாதிரி மீன் வந்தால் ஒராண்டாவின் வாலைக் கடித்துக் கிழித்துவிடும்.

(இந்த இடத்தில் ஒரு மாற்று யோசனை. உங்களுக்கு அந்த இரண்டு ஒராண்டாவையும் பிரிய மனமில்லை என்றால், இரண்டு மீனுக்கு அந்தத் தொட்டி சரியான அளவுதான். ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, கோடையில் மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்ன ஃபேன் அடிக்க வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், இன்னும் பல வருஷம் வாழும். கடிதத்தில் ஏப்ரலில் செத்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.)

மீன் போன பிறகு தொட்டியை இரண்டு வாரம் மீன் இல்லாமல் ஓடவிடுங்கள், ஃபில்டரும் ஏர் பம்ப்பும் நிற்கக் கூடாது. வெண்புள்ளி நோயைக் கொண்டுவருகிற ஒட்டுண்ணிக்குத் தொற்றிக்கொள்ள மீன் வேண்டும், 28 டிகிரிச் சூட்டில் அதன் சுற்று வேகமாக ஓடும், மீன் கிடைக்காமல் அந்த இரண்டு வாரத்துக்குள் அது அழிந்துவிடும். அதேநேரம் பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது, அதனால் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு மீன் தீனியை தினமும் காலித் தொட்டியில் போடுங்கள், அது அழுகி அம்மோனியா கொடுக்கும். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். பரவாயில்லை.

எந்த மீன் என்பதற்கு வருகிறேன். ஏஞ்சலும் நியானும் சேர்ந்த தொட்டி படத்தில் அழகாக இருக்கும், உங்களுக்கு அது ஒத்து வராது. நியானுக்குப் பிடித்தது 21-லிருந்து 25 டிகிரி, நம் ஏப்ரலில் அது ஒவ்வொன்றாகப் போய்விடும். போகாமல் நின்றாலும் ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்ததும் நியானைத் தின்னும், அமேசானிலும் அதுதானே நடக்கிறது. நியானுக்குப் பதில் கொஞ்சம் பெரிதாக, உயரமான உடம்போடு இருக்கிற லெமன் டெட்ரா பத்து வாங்குங்கள், கூட்டமாக இருந்தால்தான் அதன் மஞ்சள் தெரியும், மூன்று நான்கு வாங்கினால் மூலையில் ஒளிந்துகொள்ளும். அனுபவம் வந்த பிறகு ரம்மி நோஸ் டெட்ரா சேர்க்கலாம், தண்ணீர் கெடத் தொடங்கினாலே அதன் மூக்கின் சிவப்பு வெளிறிவிடும், சோதனைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அது உங்களுக்குச் சொல்லிவிடும். பிளாக் விடோ டெட்ரா எளிதில் கிடைக்கும், மலிவு, ஆனால் ஏஞ்சலின் நீள இறக்கையைக் கடிக்கும் பழக்கம் அதற்கு உண்டு, வேண்டாம்.

ஏஞ்சல் சின்னதாக நான்கு வாங்குங்கள். வளர்ந்து அதில் ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்ற இரண்டையும் துரத்தத் தொடங்கும், அப்போது அந்த இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியிருக்கும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் உங்கள் தொட்டி 159 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 135 லிட்டர் தண்ணீர் இருக்கும், பத்து டெட்ராவும் ஒரு ஜோடி ஏஞ்சலும் அடியில் மேய ஆறு கோரிடோராஸும் அதற்குப் போதும். கோரிடோராஸுக்கு அடியில் மணல் வேண்டும், கூர்மையான கல்லில் அதன் மீசை தேய்ந்துவிடும்.

கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் ஏஞ்சலுக்குப் பதிலாக முத்து கூராமி மூன்று வைப்பதை நான் இன்னும் விரும்புவேன். கூராமியும் ஃபைட்டரும் மேலே வந்து நேராகக் காற்றையே மூச்சாக எடுக்கக்கூடியவை, பம்ப் நின்றாலும் தாக்குப் பிடிக்கும். எதை வைத்தாலும் யு.எஸ்.பி-யில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பேங்க் ஒன்றும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாங்கி வையுங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குழாயை அதில் மாட்டிவிட்டால் மீனும் பிழைக்கும் பாக்டீரியாவும் பிழைக்கும். ஹீட்டருக்கு ஒதுக்கிய காசை இதற்குச் செலவழியுங்கள்.

கப்பியும் மோலியும் சுலபம் என்பார்கள். கடினத் தண்ணீரில் சுலபம்தான், கடலோரத்து வாசகர்கள் தைரியமாக வைக்கலாம். உங்கள் கிணற்றில் மோலி ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டே இருந்து மெலிந்து போகும். பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கத்து ஓடையிலிருந்து மீன் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம், அங்கிருந்து மீன் எடுப்பது குற்றம். ரோகனி பார்ப் என்று 2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு கெண்டை நம் மாவட்டத்து மலையோடைகளுக்கே உரியது, அது அங்கேயே இருக்கட்டும்.

ஹீட்டர் யாருக்குத்தான் வேண்டும் என்றால், காலை ஆறு மணி எண் 24-க்குக் கீழே போகிற வீட்டுக்கு, அல்லது காலைக்கும் மதியத்துக்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருகிற தொட்டிக்கு. குலசேகரம், திற்பரப்பு என்று மலையடிவாரத்தில் மார்கழி ராத்திரியில் அப்படி நடக்கும், உங்கள் வீட்டில் ஆனி ஆடி மழையிலும் ஓரிரு நாள் நடக்கலாம். அப்போதும் 200 வாட் அதிகம், 100 வாட் தெர்மோஸ்டாட் உள்ளது போதும், 25-ல் வைத்துவிட்டால் தேவைப்படுகிற ராத்திரியில் மட்டும் எரியும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்தாலும் சின்ன ஹீட்டர் மீனை வேகவைக்க நேரம் எடுக்கும், அதற்குள் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கை எடுத்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் மட்டத்தைக் குறைக்க வேண்டும், சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடிக்கும். பிளக்கை எடுக்காமல் தொட்டிக்குள் கையை விடவே கூடாது.

கிறிஸ்துமஸ் கணக்கு இப்படி. அக்டோபர் முடிவதற்குள் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இடம் பார்த்துவிட்டால், நவம்பர் நடுவில் டெட்ரா பத்தையும் நேராகத் தொட்டியிலேயே விடலாம், தொட்டி காலியாக இருப்பதால் தனிமைப்படுத்த வேறு இடம் தேவையில்லை. சென்னை கொளத்தூரிலிருந்து பையில் அடைத்து வருகிற மீன்தான் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும், வந்த அன்றே வாங்காமல் கடைத் தொட்டியில் ஒரு வாரம் நின்ற மீனாகப் பார்த்து வாங்குங்கள். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, அரைமணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். டிசம்பர் முதல் வாரம் ஏஞ்சலை வாங்கி நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், உங்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதற்கு மாற்றி, மூன்று வாரம் தனியாக வையுங்கள். புள்ளியோ வெள்ளைக் கழிவோ இல்லாமல் நன்றாகத் தின்றால், டப்பிலிருந்து தொட்டிக்கு மாற்றுகிற வேலையை வீட்டுக்கு வருகிற மகனுக்கே விட்டு வையுங்கள். கோரிடோராஸ் ஜனவரியில்.

சக்கர் ஃபிஷ் வேண்டவே வேண்டாம். கடையில் விரல் நீளம் இருக்கும், ஓரடிக்கு மேல் வளரும், தின்கிற பாசியைவிடப் போடுகிற கழிவு அதிகம், ராத்திரியில் அகல உடம்பு மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உரித்தெடுக்கவும் செய்யும். பெரிதானதும் எல்லோரும் குளத்தில்தான் விடுகிறார்கள், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. கண்ணாடியில் பாசி வந்தால் லைட்டை ஒரு நாளைக்கு ஏழு மணிநேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள், ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா பாருங்கள், மிச்சத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்துவிடலாம்.

டெட்ரா வாங்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் சோதித்து, அந்த வாரத்துக் காலை மதியச் சூட்டு எண்களோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். முதல் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, பி.எச். ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், போய் வாங்கிவிடுங்கள்.